கடுங்காவலில் ஒரு சுற்றுலாப் படிப்பு

ஏசுபாதம் பி.ஏ. படித்ததற்குக் காரணம் அறிவுத் தாகம் அல்ல. பொண்டாட்டி படி என்றாள், படித்தான். பிற்பாடு ஜெயிலில் விழா எடுத்துப் பேசியவர்கள் இருட்டில் ஏற்றிய விளக்கு என்றும் இன்னும் என்னென்னவோ சொல்லியும் அவனைக் கொண்டாடினார்கள். மேடையில் நின்று அவனும் தலையை ஆட்டினான். ஆட்டாமல் என்ன செய்வான்? எதிரே சூப்பரண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆள் கடப்பாக்கத்துக்காரன். அப்பனும் தாத்தனும் அடுத்தவர் வயலில் அறுப்பு அறுத்தவர்கள். தொண்ணூறுகளில் அந்தக் கரையில் இறால் பண்ணைகள் வந்தன, வயல்களில் உப்பு ஏறியது, அறுக்க ஒன்றும் இல்லாமல் இவன் கொத்து வேலைக்குப் போனான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரிசார்ட் கட்டும் காலம் அது. பட்டணத்துப் பணக்காரர்கள் கடலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு தண்ணீரில் குளிக்க ஆசைப்பட்டார்கள், ஏசுபாதம் அவர்களுக்கு நீச்சல் குளம் கட்டிக் கொடுத்தான். கட்டி முடித்த மறுநாள் போனால் வாசலிலேயே வாட்ச்மேன் மறிப்பான். அதற்கெல்லாம் அவன் கோபப்பட்டதில்லை. கோபத்தை மொத்தமாகச் சேர்த்து வைத்து ஒரே நாளில் செலவழித்தான், அதுதான் வினை.

பொங்கல் கைப்பந்துப் போட்டி. பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று தகராறு. தகராறை ஆரம்பித்தவன் வரதன், ஏசுபாதத்தின் பால்ய சிநேகிதன். வெளியே என்று விசில் ஊதியவர் பக்கத்து ஊர் தாமோதரன், அன்றைய நடுவர். வரதன் அவர் சட்டையைப் பிடித்தான், அவர் வரதனைத் தள்ளினார். விலக்கிவிடப் போன ஏசுபாதம் வலை கட்டியிருந்த சவுக்குக் கழியைப் பிடுங்கி ஒரே ஒரு அடி அடித்தான். தாமோதரன் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். வரதனை அதற்குள் ஊரிலேயே காணவில்லை.

செங்கல்பட்டு கோர்ட்டில் ஏழு வருஷம் கடுங்காவல் என்று தீர்ப்பு வந்தபோது மார்கரெட் மாசமாக இருந்தாள். அவள் கோர்ட் வாசலில் அழவில்லை. ஊரில் இருந்தால் ஆளுக்கு ஆள் துக்கம் விசாரித்தே கொன்றுவிடுவார்கள் என்று கேளம்பாக்கத்துக்குக் குடிபோனாள். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களுக்காக அங்கே அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. படிக்கட்டுப் பெருக்கும் வேலை கிடைத்தது. அங்கேதான் பெண் பிறந்தாள், சிநேகா.

அந்த ஃப்ளாட்டுப் பிள்ளைகளெல்லாம் டை கட்டிக்கொண்டு வேனில் ஏறிப் போகும் ஒரு இங்கிலீஷ் ஸ்கூல் இருந்தது. பேர் வேண்டாம். அந்தப் பக்கத்து ஸ்கூல்களுக்கு ஒன்று பூப் பேர் வைத்திருப்பார்கள், இல்லையென்றால் சாமிப் பேர். தன் மகளும் அந்த டையைக் கட்ட வேண்டும் என்று மார்கரெட் முடிவு செய்தாள். விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பிள்ளைக்குப் பாட்டு தெரிந்தால் போதாது. அப்பா அம்மா இரண்டு பேரையும் கூப்பிட்டு இன்டர்வியூ வைப்பார்கள், இரண்டில் ஒருவராவது டிகிரி வாங்கியிருக்க வேண்டும்.

ஜெயிலில் மனு போட்டு அவனைப் பார்க்க வந்த மார்கரெட் கைக்குழந்தையோடு கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று இதைச் சொன்னாள்.

"நீயே படியேன் மார்கரெட்டு. நீதான் பன்னெண்டாவது பாஸு. நானு ஒம்போதாவதோட நின்னவன்."

"இன்னாய்யா பேசற? காலைல மூணு மாடி பெருக்கணும், புள்ளயப் பாக்கணும், சோறாக்கணும், உன்னப் பாக்க ரெண்டு பஸ்ஸு மாறி வரணும். உனக்கு இன்னா வேலை கீது? மூணு வேளையும் சோறு வருது, கரண்டு பில்லு கெடையாது, சொந்தக்காரன் ஒருத்தனும் வர்றதில்ல. உன்ன மாரி படிக்கத் தோதான ஆளு இந்த ஜில்லாவுலயே கெடையாது."

மறுநாளே படிப்பு ஹாலில் பேர் கொடுத்தான். மகள் ஒன்றாம் வகுப்புக்கு வருவதற்குள் அப்பன் பி.ஏ. முடித்தாக வேண்டும்.

ஜெயிலில் படிப்பு ஹாலுக்கு நல்ல மவுசு. அங்கே மட்டும்தான் ஃபேன் ஓடும். கத்திரி வெயிலில் சேர்க்கைக்குக் கூட்டம் அலைமோதும், ஐப்பசி மழை வந்ததும் பெஞ்சு காலியாகும். கைதிகளின் கல்வி ஆர்வம் வெயிலோடு ஏறி வெயிலோடு இறங்கியது. மழையிலும் உட்கார்ந்திருந்த சிலரில் ஏசுபாதம் ஒருவன். முதலில் பத்தும் பன்னிரண்டும் படிக்காதவர்களுக்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வைத்திருந்த ஆயத்தப் படிப்பு. அதைத் தாண்டியதும் கல்வி வார்டர் கூப்பிட்டு எந்தப் பாடம் வேண்டும் என்று கேட்டார்.

"இன்னா கீது சார்?"

"வரலாறு தீந்துபோச்சு. தமிழும் இல்ல. சுற்றுலாதான் இருக்கு. எங்கயோ போக வேண்டிய புஸ்தகக் கட்டு இங்க வந்து கிடக்கு. எடுத்துக்கிறியா?"

வார்டர் சிரிக்காமல்தான் கேட்டார். ஏசுபாதமும் சிரிக்காமல் எடுத்துக்கொண்டான். இப்படியாக, இருந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்ட மனிதன், மக்கள் ஏன் இடம்விட்டு இடம் போகிறார்கள் என்பதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தான்.

முதல் பாடத்திலேயே, அன்றாட வாழ்வின் சலிப்பிலிருந்து விடுபட மனிதன் பயணம் செய்கிறான் என்று போட்டிருந்தது. அவன் அதை மூன்று தரம் படித்துவிட்டு மதில் சுவரைப் பார்த்தான். மாமல்லபுரத்துக்கு ஒரு பாடம் முழுசாக இருந்தது. அந்த ஊர் வழியாக அவன் எத்தனையோ தரம் போயிருக்கிறான், செங்கல் லாரியின் மேல் உட்கார்ந்து. லாரியிலிருந்து தெரிவது லைட் ஹவுஸ் உச்சியும் பரோட்டாக் கடைப் புகையும்தான். கடற்கரைக் கோயிலை யார் கட்டினார்கள், ஒற்றைக் கல்லை எப்படித் தேராகக் குடைந்தார்கள் என்பதெல்லாம் ஜெயிலுக்குள் வந்துதான் தெரிந்தது. வெளியே இருந்தபோது இதைப் பார்க்காமல் விட்டோமே என்று அவனுக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

பிளாக்கில் அவன் மவுசும் ஏறியது. சாயங்காலம் செல்லில் போட்டு அடைப்பதற்கு முன்னால், "அண்ணாத்த, இன்னிக்கு எங்க இட்டுகினு போற?" என்று நாலு பேர் கூடுவார்கள். ஊட்டி, கொடைக்கானல், கன்னியாகுமரி என்று சீசன், ரயில், தங்குமிடம் எல்லாம் சொல்லுவான். ஆயுள் தண்டனைக்காரர் ஒருவர் ஊட்டிக்கு மே மாசம் போவதா அக்டோபரில் போவதா என்று இரண்டு நாள் யோசித்து அக்டோபர் என்று முடிவு செய்தார்.

இரண்டாம் வருஷம் ஒரு சங்கடம் வந்தது. மாணவர் ஒரு சுற்றுலாத் தலத்துக்கு நேரில் போய், வெளிநாட்டுப் பயணி ஒருவரைப் பேட்டி கண்டு அறிக்கை எழுத வேண்டும். அனுமதி கேட்டு சூப்பரண்டு முன்னால் போய் நின்றான். அவர் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கடைசியில் வழி பக்கத்து பிளாக்கிலேயே இருந்தது. மாமல்லபுரத்தைச் சுற்றிப் பார்க்க வந்து பையில் கஞ்சாவோடு பிடிபட்ட வெள்ளைக்காரர் ஒருவர் அங்கே இருந்தார். அவர் வெளிநாட்டுப் பயணி இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஏசுபாதம் முறைப்படி கேட்டு முறைப்படி எழுதினான். வருகையின் நோக்கம்: ஓய்வு. தங்கும் காலம்: பத்து ஆண்டு. தங்குமிடம் பற்றிய கருத்து: கொசு அதிகம். மீண்டும் இந்தியா வருவீர்களா: முதலில் போக வேண்டும். அறிக்கைக்கு எண்பத்தைந்து மார்க் வந்தது.

பரீட்சையும் உள்ளேயே நடந்தது. வெளியிலிருந்து வந்த கண்காணிப்பாளர் புதுசு. கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு விதிமுறைகளை வாசித்தார். முதல் அரை மணி நேரத்துக்கு யாரும் இந்த இடத்தைவிட்டு வெளியேற அனுமதி இல்லை என்று அவர் படித்ததும் மொத்த ஹாலும் சிரித்தது. பாவம், அவருக்குக் கடைசிவரை ஏன் என்று விளங்கவில்லை.

இதற்கிடையில் சிநேகாவுக்கு மூன்று வயதாகி, கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தாள். கம்பி வலைக்குப் பின்னால் வெள்ளை உடுப்பில் நிற்கும் ஆள் அப்பா என்றால், ஏன் வீட்டுக்கு வருவதில்லை? என்ன சொல்வது என்று மார்கரெட் கேட்டபோது ஏசுபாதம்தான் சொல்லிக் கொடுத்தான், காலேஜ் ஹாஸ்டல் என்று சொல் என்று. பாதிதானே பொய் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டான். பிள்ளை நம்பிவிட்டது. பெரிய மதில், பெரிய கேட்டு, மணி அடித்தால் சோறு, மணி அடித்தால் தூக்கம். காலேஜ் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று மனதில் வாங்கிக்கொண்டது.

இங்கிலீஷ் பேப்பர் ஒரு வருஷத்தைத் தின்றது. இரண்டாயிரத்து ஆறில், சிநேகா ஒன்றாம் வகுப்பு சேர வேண்டிய கோடையில்தான் பி.ஏ. கைக்கு வந்தது. மயிரிழையில் அப்பன் ஜெயித்தான். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க லீவு கேட்கலாம் என்று விதியிலேயே இடம் இருந்ததால் ஒரு நாள் பரோலும் கிடைத்தது. காவலுக்கு ஏட்டு பன்னீர்செல்வமும் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரரும். சட்டை துணிமணி எடுத்துக் கொடுத்தது யார் தெரியுமா? வரதன்.

ஓடிப்போன வரதன் ஊர் திரும்பி, இப்போது ஒரு கட்சியில் கிளைச் செயலாளரோ என்னவோ. கடப்பாக்கத்தில் எந்தக் காதுகுத்துக்கும் அவன் போட்டோ இல்லாமல் பேனர் வராது. அவனுக்கும் மனசு என்று ஒன்று இருந்து, அது இத்தனை வருஷமாகக் குத்திக்கொண்டுதான் இருந்திருக்கும். மார்கரெட் அவனுக்குப் போன் போட்டுச் சந்தோஷத்தைச் சொன்னதும், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சிவப்புக் கரைத் துண்டு மூன்றையும் வாங்கி அனுப்பிவிட்டான். நம் ஊரில் கைதிக்கும் வெள்ளை, தலைவருக்கும் வெள்ளை. ஏசுபாதம் ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போட்டுக்கொண்டான்.

"யோவ், புள்ள முன்னாடி வெலங்கு வேணாம்," என்றார் பன்னீர்செல்வம் வேனிலேயே. "ஓடிகீடிப் போயிடாத. எனக்கு ரெண்டு பொண்ணு."

"எங்க சார் ஓடறது? இதுக்குத்தான அஞ்சு வருசமா படிச்சேன்."

ஸ்கூல் வாசலில் இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டான். எதிர்ச் சுவரை முழுசாக மறைத்து ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். 'சிறையிலே படித்துப் பட்டம் வென்ற சிங்கமே! கடப்பாக்கத்தின் கல்விச் சுடரே! வருக! வருக!' மேலே கட்சித் தலைவர்கள் வட்ட வட்டமாக. நடுவில் போனைக் காதில் வைத்தபடி வரதன், ஆள் உயரத்துக்கு. மூலையில் கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்த ஏசுபாதம், கழுத்தில் மாலையோடும் தோளில் மார்கரெட்டின் பாதிக் கையோடும். வாழ்த்துவோர் வரிசையில் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள் வேறு.

"சீட்டு பூட்சி," என்றாள் சிநேகாவோடு வாசலில் காத்திருந்த மார்கரெட். அஞ்சு வருஷத்தில் அவள் கண்ணில் தண்ணீர் வந்ததை ஏசுபாதம் அன்றைக்குத்தான் பார்த்தான். "ஜெயிலுன்னு இவ்ளோ பெரிசா எழுதி வச்சிக்கிறானே, பாவி."

திரும்பிப் போய்விடலாமா என்றுகூட அவனுக்குத் தோன்றியது. சான்றிதழ் இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே நடந்தான். ஒரு அடி பின்னால் பன்னீர்செல்வம், அதற்கும் ஒரு அடி பின்னால் துப்பாக்கி.

கரஸ்பாண்டென்ட் பார்த்தசாரதி ஸ்கூல் நடத்துவதற்கு முன்னால் பிளாட் போட்டு விற்றவர். ஸ்கூலின் பின்பக்கத்துக் கக்கூஸ் வரிசை முழுக்க ஏரிப் புறம்போக்கில் நின்றது, அது அவருக்கு நன்றாகத் தெரியும். காலையில் காரிலிருந்து இறங்கும்போதே பேனரைப் பார்த்துவிட்டார். இப்போது ஜன்னல் வழியாக வெள்ளை வேட்டி வருவதும், ஏட்டு வருவதும், துப்பாக்கி வருவதும் தெரிந்தது. பேனரில் இருந்த ஒவ்வொரு வார்த்தையையும் அவர் சரியாகத்தான் படித்திருந்தார். ஜெயிலுக்குப் போன ஆளுக்கு ஊரே கூடிப் பேனர் வைக்கிறது, கவர்மென்டே காவல் போட்டு அனுப்புகிறது. அப்படியென்றால் ஆள் எவ்வளவு பெரிய ஆளாக இருக்க வேண்டும்? அவருக்குப் பின்பக்கத்துக் கக்கூஸ் வரிசை நினைவுக்கு வந்தது. வெளியே வரிசையில் கம்ப்யூட்டர் கம்பெனி அப்பாக்கள் ஃபைலோடு காத்திருக்க, அவரே எழுந்து வாசலுக்கு வந்தார்.

"வாங்க தலைவரே, வாங்க. சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே. தம்பி, நாலு காபி! ஏட்டய்யாவுக்கும் சேர் போடு!"

ஏசுபாதம் உட்காரவில்லை. நாற்காலி அவனுக்குப் பழக்கம் விட்டுப் போயிருந்தது. மனப்பாடம் செய்து வந்ததை ஆரம்பித்தான்.

"வணக்கம் சார். எம் பேரு ஏசுபாதம், பி.ஏ. சுற்றுலா, செகண்டு கிளாஸ். சர்டிபிகேட்டு இதோ கீது சார்..."

"அட, அதெல்லாம் எதுக்குங்க! பாப்பாவுக்கு சீட் போட்டாச்சு. பேர் மட்டும் சொல்லுங்க."

"இல்ல சார், ஒருவாட்டி பாத்துடுங்க. ஒரிஜினலு."

"உள்ள வைங்க தலைவரே, உங்களைப் போய் நான் செக் பண்ணுவேனா?"

ஏசுபாதம் பையை நீட்டியபடியே நின்றான். ஆயத்தப் படிப்பு, அரியர், ஐப்பசி மழையில் ஈரப் பெஞ்சு, எல்லாம் அந்தப் பைக்குள் இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கக்கூட ஆள் இல்லை. எந்த ஜெயிலை மறைக்க அவன் பட்டம் வாங்கினானோ அந்த ஜெயில்தான் சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். அவனுக்கு அவமானமாக இருந்தது.

பார்த்தசாரதி குனிந்து சிநேகாவின் கன்னத்தைத் தட்டினார். "பாப்பா இனிமே இங்கதான். பன்னெண்டு வருஷம்! பிளஸ் டூ முடிச்சாத்தான் வெளிய விடுவோம்."

சிநேகா அவரைப் பார்த்தாள். ஜன்னல் வழியாகக் காம்பவுண்டு மதிலைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மணி வேறு அடித்தது. பிள்ளை வீறிட்டுக் கத்திக்கொண்டு அப்பனின் வேட்டியைக் கட்டிக்கொண்டது.

"நானு வரல! பன்னெண்டு வருசம் இருக்க மாட்டேன்! அம்மாவ கம்பி வழியா பாக்க மாட்டேன்! வூட்டுக்குப் போலாம்பா!"

மார்கரெட்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. வெளியே ஃபைலோடு இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஏசுபாதம் தரையில் உட்கார்ந்து மகளை மடியில் இழுத்துக்கொண்டான். வலை இல்லாமல் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. இந்த விஷயத்தை அவள் கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லலாம் என்றிருந்தான், முடிந்தால் சொல்லாமலே செத்துவிடலாம் என்றும் இருந்தான். ஆனால் இப்போது சொல்லாவிட்டால் பிள்ளை எந்தக் காலத்திலும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காது.

"இது வேற கண்ணு. இது ஸ்கூலு. காலைல போனா சாயங்காலம் வுட்டுருவாங்க. தெனமும் அம்மாகிட்ட வந்துருவ."

"அப்ப உன்ன ஏன் வுடல?"

"அப்பா கீற எடம் காலேஜி இல்லடா. ஜெயிலு. அப்பா ஒருத்தர அடிச்சேன். அவரு செத்துட்டாரு. அதான் உள்ள வச்சிகிறாங்க. காலேஜின்னு நாந்தான் சொல்லச் சொன்னேன், அம்மா மேல தப்பு கெடையாது."

பார்த்தசாரதி காபி டம்ளரைக் கீழே வைத்தார். ஆளையே முடித்தவர்! அட்மிஷன் ஃபாரத்தை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டு, பிள்ளையின் பேரை மார்கரெட்டிடம் கேட்டு எழுத ஆரம்பித்தார். ஏசுபாதம் அவரைக் கவனிக்கவில்லை. சிநேகா இனித் தன்னிடம் வருவாளா மாட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிநேகா அழுகையை நிறுத்திவிட்டு, மூக்கை அவன் புதுத் துண்டிலேயே துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அவருக்கு சாரி சொன்னியா?"

"அவருதான் செத்துட்டாரே கண்ணு."

"அவங்க வூட்டுல?"

அடித்தாயா இல்லையா என்று போலீஸ் கேட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று ஜட்ஜ் கேட்டார். எந்தப் பாடம் வேண்டும் என்று வார்டர் கேட்டார். இதை யாரும் கேட்டதில்லை, அவனும் கேட்டுக்கொண்டதில்லை. ஒரே ஒரு அடிதானே என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான். தாமோதரனுக்குப் பொண்டாட்டி இருந்தாளா, பிள்ளைகள் உண்டா என்பதுகூட அவனுக்குத் தெரியாது. ஊட்டிக்கு எந்த மாசம் போகலாம் என்பது தெரியும்.

"இல்லடா," என்றான். "சொல்லல."

சிநேகா அவன் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அவளுக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது.

"அப்ப உன்ன எப்டிப்பா வுடுவாங்க?"